ரோட்டைப் பிடித்துத் தைத்தார்கள்

அந்த ரோட்டில் டைலரம்மாவைத் தெரியாதவர் இல்லை. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கடை வாசலில் நின்று அவர் பேச ஆரம்பித்தால், சட்டை வாங்க வந்தவர்கூட வந்த வேலையை மறந்துவிடுவார். பேச்சு எதில் தொடங்கினாலும் ரோட்டில்தான் போய் முடியும். "எதிர்க்கடை என் கூடப் பொறந்தவ கடைங்க. ஆனா ஒரு நூல்கண்டு வேணும்னாலும் பஸ் ஏறி மார்க்கெட்டுக்குப் போறேன். இந்த ரோட்டைத் தாண்ட முடியுதா?" என்பார்.

கேட்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். ரோடும் லேசுப்பட்டதில்லை. மைதானம் மாதிரி அகலமாகக் கிடக்கும். ஆக்சிலேட்டரில் கால் வைத்தவன் அடுத்த சிக்னலில்தான் எடுப்பான். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் குடையை லாரி பறித்துக்கொண்டு போயிருக்கிறது. கல்லூரிப் பெண் ஒருத்தி காலில் கட்டோடு பரீட்சை எழுதினாள். ஒரு ஸ்கூட்டர் நேராக டைலரம்மாவின் கடைக்குள் நுழைந்து, கவுன் மாட்டியிருந்த பொம்மையின் கையை முறித்துவிட்டுத்தான் நின்றது. பொம்மையோடு போயிற்றே என்று எல்லோரும் ஆறுதல் பட்டுக்கொண்டார்கள்.

ஆனால் டைலரம்மா எதிர்க்கடைக்குப் போகாததற்கு ரோடு காரணமில்லை. அது வீட்டுக்குள் மட்டும் தெரிந்த சங்கதி.

அக்காவும் தங்கையும் முன்பு ஒரே கடையில்தான் தைத்தார்கள். ஒரு பள்ளிக்கூட யூனிபார்ம் ஆர்டரில் தங்கை காலர்களையெல்லாம் பெரிதாக வெட்டிவிட்டாள். போட்டுப் பார்த்த பிள்ளைகள் ஆமை மாதிரி தலையை உள்ளே இழுத்துக்கொண்டு சிரித்தார்கள். வந்தவர்கள் முன்னாலேயே அக்கா வெடித்தார்: "நீ பட்டன் எண்ணத்தான் லாயக்கு." தங்கை கத்தரிக்கோலை வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். கொஞ்ச நாளில் எதிர்வரிசையில் ஒரு கடை பிடித்து, பட்டனும் ஹூக்கும் நூலும் விற்க உட்கார்ந்துவிட்டாள். ரோஷத்தில் அவள் அக்காவுக்குச் சளைத்தவளா என்ன? அன்றோடு பேச்சு நின்றது. பேசாமல் இருப்பதற்கு ரோடு ஒரு கௌரவமான சாக்காக அமைந்தது. டைலரம்மாவின் கணவர் மட்டும் தினமும் எதிர்ப்பக்கம் போய் மச்சினியோடு டீ குடித்துவிட்டு வருவார். "உனக்கு மட்டும்தான் வண்டி வேகமா வருது," என்பார். "ஆம்பளைங்க ஓடிடுவீங்க," என்று சொல்லிவிட்டு இவர் மெஷினை வேகமாக மிதிப்பார்.

ஒருவழியாக நகராட்சி கண் திறந்தது. ரோட்டை மாற்றி அமைக்கப் போகிறோம், வந்து குறை சொல்லுங்கள் என்று கூட்டம் போட்டார்கள். பொறியாளர் இளவயதுப் பெண். வரைபடத்தைச் சுவரில் மாட்டி விளக்கினார்: "ரோடு அகலமா இருந்தா வேகம் தானா வந்துடும். போர்டு வெச்சா யாரும் பார்க்கறதில்ல. அதனால ரெண்டு பக்கமும் நடைபாதையைப் பெருசாக்கி, வண்டி போற பாதையைக் குறுக்கறோம்."

"லூசான சட்டையை ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தைக்கற மாதிரி," என்றார் டைலரம்மா. "அதேதாங்க," என்று பொறியாளர் சிரித்தார்.

அந்த உற்சாகத்தில் டைலரம்மா எழுந்து நின்று வழக்கமான பல்லவியை எடுத்துவிட்டார். எதிர்க்கடை, நூல்கண்டு, மார்க்கெட் பஸ் எல்லாம் வந்தன. அன்றைக்கு என்னவோ, "அவ முகத்தைப் பக்கத்துல பார்த்தே எவ்வளவு நாளாச்சு தெரியுமாங்க," என்று சொல்லும்போது கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது. பொறியாளர் வரைபடத்தில் ஏதோ குறித்துக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் கணவர், "நல்லாத்தான் நடிச்ச. ஆனா கடைசி வரிசையில உன் தங்கச்சி உட்கார்ந்திருந்தா," என்றார். டைலரம்மா நடுவழியிலேயே நின்றுவிட்டார். ஊருக்கெல்லாம் அவிழ்த்துவிட்ட கதையை அவளே காதால் கேட்டுவிட்டாள். சிரித்திருப்பாள், கட்டாயம் சிரித்திருப்பாள்.

வேலை மளமளவென்று நடந்தது. இரண்டு பக்கமும் நடைபாதைகள் அகன்றன. நடு ரோட்டில் நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு வந்தது. ஆட்கள் கடப்பதற்கென்று ஓர் இடத்தில் ரோட்டையே நடைபாதை உயரத்துக்கு மேடாக்கி வெள்ளைப் பட்டை அடித்தார்கள். அந்த மேடு டைலரம்மாவின் வாசலில் தொடங்கித் தங்கையின் வாசலில் முடிந்தது. "உங்களை மனசுல வெச்சுத்தாங்க இடம் குறிச்சேன்," என்று பொறியாளரே நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார். "வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்ட," என்றார் கணவர்.

பறந்த வண்டிகளெல்லாம் மேட்டைக் கண்டதும் பெட்டிப் பாம்பாக அடங்கின. வாத்தியார் புதுக் குடையோடு, வேலை எதுவும் இல்லாமலே, அங்கும் இங்கும் கடந்து பார்த்தார். டைலரம்மாவுக்குத்தான் நிம்மதி போயிற்று. "தங்கச்சி கடைக்குப் போயாச்சா?" என்று வருகிறவர் போகிறவரெல்லாம் விசாரித்தார்கள். முழங்கால் வலி என்றார், அவசர ஆர்டர் என்றார். உண்மையில் பயம். போனதும் அவள் வெடுக்கென்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்? சொல்ல அவளுக்கு உரிமையும் உண்டு. அந்தப் பட்டன் வார்த்தைக்காக டைலரம்மா தன்னையே எத்தனையோ முறை திட்டிக்கொண்டிருக்கிறார்.

ஒரு காலையில் எதிர்க்கடையைச் சும்மா எட்டிப் பார்க்கலாமென்று நடைபாதை ஓரத்துக்கு வந்தார். உடனே ஒரு கார் நின்றுவிட்டது. இவர் பின்வாங்குவதற்குள் அதன் பின்னால் பஸ்ஸும் நின்றது. நீங்க போங்க என்று இவர் கையைக் காட்டினார். இல்லை, நீங்க போங்க என்று காரில் இருந்தவர் இன்னும் பணிவாகக் காட்டினார். பஸ் டிரைவர் தலையை நீட்டி, "வாங்கம்மா, உங்களுக்காகத்தான் நிக்கறோம்," என்றார். பஸ் நிறைய ஜனம் ஜன்னல் வழியாகப் பார்த்தது. இதற்குமேல் எப்படி நிற்பது? டைலரம்மா அளவு நாடாவை இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தார். நடுத் திட்டிலிருந்து திரும்பிவிடலாமா என்று பார்த்தால், அந்தப் பக்கத்து வண்டிகளும் அவருக்காக நின்றுகொண்டிருந்தன.

தங்கை பட்டன்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "என்ன கலர் நூல்?" என்றாள்.

"நூலுக்கு வரல."

"ரோடு சரியாகி எவ்வளவு நாளாச்சு. உன் வாசலையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன்."

"நீ வந்திருக்கலாம்ல?"

"நீதானேக்கா கூட்டத்துல அழுத," என்றாள் தங்கை. இப்போதுதான் நிமிர்ந்தாள். "நான் அதை நெசம்னு நம்பிட்டேன். எப்படியும் நீ வருவேன்னு இருந்தேன்."

நடிப்பென்று நினைத்துக்கொண்டிருந்தது டைலரம்மாவும் அவர் கணவரும் மட்டும்தான்.

"நெசம்தான்டி," என்று சொல்லிவிட்டு, தங்கை நகர்த்திப் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்தார்.