ஒரே நட்சத்திரத்துக்கு இரண்டு அர்ச்சனை

இதை எழுத வேண்டும் என்று நினைத்து மூன்று ஆடி போய்விட்டது. ஒவ்வொரு ஆடியிலும் கூழ் ஊற்றி முடித்த கையோடு நோட்டை எடுப்பேன். முதல் வரியிலேயே வெட்கம் வந்து மூடிவைத்துவிடுவேன். நான் எட்டாவது வரை படித்தவள். எழுத்துப் பிழைக்குப் பயந்து தள்ளிப்போட்டேன் என்று நினைக்க வேண்டாம். அம்மன் சந்நிதியில் நின்று, இல்லாத ஒரு பொம்பளைக்காக அழுது அர்ச்சனை செய்துவிட்டு வந்தவள் நான். அதை எப்படி நாலு பேருக்குச் சொல்வது? இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கதையில் என் மேல் ஒரு தப்பு இருக்கிறது. அதை விட்டுவிட்டு மீதியை மட்டும் எழுதினால் ஆத்தா சும்மா விடமாட்டாள்.

நூம்பலில் எங்கள் வீடு கீழும் மேலுமாக இரண்டு கட்டு. கீழே நானும் என் வீட்டுக்காரரும். மாடியில் என் கொழுந்தனாரும் அவர் மனைவியும். அவள் எனக்கு ஓரகத்தி என்றாலும் கல்யாணமாகி வந்த நாள் முதல் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணி கம்பெனியில் தையல் வேலை. காலை ஆறரைக்கு வேன் வந்துவிடும். சமையல் இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான், கீழே என் அடுப்பில். மாமியார் இருந்தபோது அப்படி; அவர் காலமான பிறகும் அப்படியே.

சாயங்காலம் ஏழு மணிக்கு வேனை விட்டு இறங்குவாள். கை கால் கழுவிக்கொண்டு சோற்றுத் தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்காருவாள். ஏழரைக்கு அந்தத் தொடர் ஆரம்பிக்கும். பேர் எழுதப் போவதில்லை. கூட்டுக் குடும்பத்துக் கதை. மூத்த மருமகள் ஒருத்தி, பூமாதேவி மாதிரி பொறுமை. காலையில் எழுந்திருக்கும்போதே பட்டுப்புடவையும் தலைநிறைய பூவுமாகத்தான் எழுந்திருப்பாள். இளைய மருமகள் ஒருத்தி, வேலைக்குப் போகிறவள், எப்போதும் புருவத்தைத் தூக்கியே வைத்திருப்பாள். நான் மூத்தவள் கட்சி. என் ஓரகத்தி இளையவள் கட்சி. என் வீட்டுக்காரர் எந்தக் கட்சியும் இல்லை. "இந்தக் கருமத்தை எவன் பாப்பான்" என்று பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த அரை மணி நேரத்தில் அவர் பேப்பரில் ஒரு பக்கம்கூடத் திரும்பி நான் பார்த்ததில்லை.

ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டேதான் சண்டை போடுவோம்.

"உன் ஆளு இன்னாக்கா, அழறதுக்குன்னே பொறந்தாளா? வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டா இன்னா?" என்பாள்.

"உன் ஆளு மாதிரி வாய் இருந்தா அந்தக் குடும்பம் நாலே நாள்ல நடுத்தெருவுக்கு வந்துருக்கும்" என்பேன் நான்.

அந்த வருடம் ஆடி பிறந்த முதல் வாரம். தொடரில் இளையவள் எல்லோர் முன்னாலும் நின்று, எனக்குத் தனி அடுப்பு வேண்டும் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால், அதற்கு ஒரு மாதம் முன்புதான் என் ஓரகத்தியும் அதே வார்த்தையைக் கேட்டிருந்தாள். அவள் புருவத்தைத் தூக்கவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே மெதுவாகத்தான் கேட்டாள். "அக்கா, மாடியில ஒரு சின்ன அடுப்பு போட்டுக்கட்டா? நாலரைக்கு உன்ன எழுப்ப ஒரு மாதிரியா கீது." நான் பதில் சொல்லாமல் தாளிக்கப் போய்விட்டேன்.

அன்றைக்கு டிவியில் அந்த வார்த்தையைக் கேட்டதும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"சின்னவளுங்கன்னாலே இப்டித்தான். ஊட்ட ரெண்டாக்காம தூக்கம் வராது."

அவள் பிசைந்த சோற்றை அப்படியே வைத்தாள். "அக்கா, டிவியப் பாத்து சொல்றீங்களா, என்னப் பாத்து சொல்றீங்களா?"

எங்களுக்குள் எப்போதும் நீ, வா, போதான். கோபம் வந்தால் மட்டும் அவள் எனக்கு மரியாதை கொடுப்பாள். அந்த 'ங்க' காதில் விழுந்ததுமே நான் சிரித்து மழுப்பியிருக்கலாம். செய்யவில்லை. டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"புரிஞ்சிச்சு. அப்ப இந்த வருசம் கூழும் தனியா ஊத்திக்கிறோம். உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு" என்று தட்டோடு மாடி ஏறிவிட்டாள்.

கூழ் என்றால் எங்களுக்கு என்ன என்று சொல்ல வேண்டும். ஆடி மூன்றாம் ஞாயிறு, தெருக்கோடி அம்மன் கோயிலுக்கு எங்கள் வீட்டுக் கூழ். சனிக்கிழமை சாயங்காலம் முற்றத்தில் கல் கூட்டி, பெரிய அண்டாவில் நொய் வேகவைத்து, புளித்த கேழ்வரகு மாவைக் கரைத்து ஊற்றிக் கிளற வேண்டும். மாவு ஊற்றுவது மூத்த மருமகள். துடுப்பு போடுவது இளைய மருமகள். மாமியார் வைத்துவிட்டுப் போன வழக்கம். வழக்கம் மட்டுமில்லை, ஒரே ஆள் ஊற்றிக்கொண்டே கிளற முடியாது. கை ஒரு நொடி நின்றாலும் கட்டி தட்டிவிடும். எங்கள் வீட்டில் எத்தனையோ மனஸ்தாபம் வந்திருக்கிறது. ஆனால் அம்மனுக்கு இரண்டு அண்டா போனதில்லை.

மறுநாளிலிருந்து அவள் கீழே வந்து டிவி பார்க்கவில்லை. மாடியில் போனில் பார்த்தாள். போனில் அரை நிமிடம் தாமதமாக வரும்போலிருக்கிறது. நான் கீழே அழுது மூக்கைச் சிந்தி முடிக்கும்போது மாடியில் அழுகைச் சத்தம் ஆரம்பிக்கும். என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "மேல இப்பதான் மழை பிடிச்சுகினு கீது" என்பார். எனக்குச் சிரிப்பு வரும். சிரிக்கக்கூடாது என்று வைராக்கியமாக இருப்பேன்.

அவள் தன் அம்மா வீட்டிலிருந்து, முத்தாபுதுப்பேட்டையிலிருந்து, ஒரு அண்டாவை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள். நான் குமணன்சாவடி மில்லில் கேழ்வரகு அரைத்துக்கொண்டு வந்தேன். அதே மில்லில் முந்தின நாள் அவளும் அரைத்துக்கொண்டு போனதாக மில்காரர் சொன்னார். "இன்னா தாயீ, இந்த வருசம் ஊருக்கே சோறு போடறீங்களா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கூழுக்கு முந்தின வியாழக்கிழமை, தொடரில் மூத்தவள் மாடிப்படியிலிருந்து உருண்டு விழுந்துவிட்டாள். படிக்கு மேலே இளையவள் நிற்கிறாள். தள்ளினாளா, தானாக விழுந்தாளா, காட்டவில்லை. இளையவள் முகத்தை மூன்று முறை காட்டி, மூன்று முறை இடி இடிக்க விட்டார்கள். மூத்தவள் ஆஸ்பத்திரியில். கண் திறக்கவில்லை. இரண்டு நாள் போனால்தான் தெரியும் என்று முடித்துவிட்டார்கள்.

மறுநாள் ஆடி வெள்ளி. காலையில் தலைக்குக் குளித்து, வேப்பிலையும் எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். எங்கள் வீட்டுக்காக வேண்டிக்கொள்ளத்தான் போனேன், ஆத்தா சாட்சி. பூசாரி தட்டை வாங்கிக்கொண்டு, "பேரு சொல்லும்மா" என்றார். என் வாயிலிருந்து அந்தத் தொடர்க்காரியின் பேர் வந்துவிட்டது.

"நட்சத்திரம்?"

அவள் நட்சத்திரம் எனக்கு எங்கே தெரியும்? அத்தனை வருடத்தில் ஒரு நாளாவது அதைச் சொன்னார்களா? "சதயம்" என்றேன். அது என் நட்சத்திரம்.

"யாருக்கும்மா? உடம்புக்கு இன்னா?"

"மூத்த மருமவங்க. மாடியிலேந்து உழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரில கீறாங்க. கண்ணு தொறக்கல" என்று சொல்லும்போதே எனக்குக் கண்ணீர் கொட்டிவிட்டது. பூசாரி பதறிப்போய் கற்பூரத்தைக் கூடுதலாகவே ஏற்றினார். எங்கள் தெருவில் அந்தத் தொடரைத் தெரியாத ஒரே ஆள் அவர்தான். அது வரும் நேரம் அவருக்குச் சாயங்காலப் பூசை நேரம்.

சனிக்கிழமை காலை முற்றத்தில் நான் ஒரு பக்கம் கல் கூட்டிக்கொண்டிருந்தேன். கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு அவள் எதிர்ப்பக்கம் கல் கூட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் என் வீட்டுக்காரர் விறகு பிளந்துகொண்டிருந்தார், இரண்டு பக்கமும் சமமாக. அப்போது பூசாரி மஞ்சள் துணியில் எலுமிச்சம்பழம் முடிந்து எடுத்துக்கொண்டு வந்தார்.

"இன்னா நைனா, மூத்த மருமவளுக்கு எப்பிடி கீது? கண்ணு தொறந்துச்சா? இத்த தலைமாட்டுல வெச்சுடு."

என் வீட்டுக்காரர் கோடரியை இறக்கிவைத்தார். "எந்த மூத்த மருமவ அண்ணாத்தே? இந்த ஊட்ல மூத்த மருமவ ஒர்த்திதான். தோ, நல்லா கல்லு கணக்கா நிக்கிறா பாரு. கண்ணும் தொறந்துதான் கீது, வாயும் தொறந்துதான் கீது."

"இல்லப்பா, நேத்து காலையில இது வந்து அர்ச்சனை பண்ணிச்சே. சாயந்திரம் சின்னதும் வந்து அதே பேருக்குப் பண்ணிச்சு. நட்சத்திரமும் அதே சதயம். ரெண்டும் அழுததுல எனக்கே மனசு கேக்கல" என்று அந்தப் பேரைச் சொன்னார்.

"யோவ், அது டிவியில வர்ற பொம்பளைய்யா!" என்று கத்தினார் என் வீட்டுக்காரர்.

பூசாரி எலுமிச்சம்பழத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எதிரே அவளும் குனிந்துகொண்டாள். அவள்தான் முதலில் நிமிர்ந்தாள்.

"மாமா, கருமத்தைப் பாக்காத ஆளுக்கு அவ பேரு எப்பிடித் தெரிஞ்சுது?"

என் வீட்டுக்காரர் அவசரமாகக் கோடரியை எடுத்துக்கொண்டார்.

எனக்கு அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று இருந்தது. பதினைந்து நாள் பேசாத வாயைத் திறந்து நானே கேட்டேன். "ஏம்மா, அவ எங்க ஆளாச்சே. நீ எதுக்கு அவளுக்கு அர்ச்சனை பண்ணே?"

"பின்ன? அவ செத்துப்போனா எங்க ஆளு ஜெயிலுக்கில்ல போவணும்! அவ பொழைச்சாத்தானே எங்க ஆளு தப்பிப்பா."

"சரி, சதயம் எதுக்குச் சொன்னே?"

அவள் கல்லை ஒருமுறை நகர்த்தி, திரும்ப அதே இடத்தில் வைத்தாள். "பூசாரி மூத்த மருமவ நட்சத்திரம் இன்னான்னு கேட்டாரு. எனக்குத் தெரிஞ்ச மூத்த மருமவ நீதான்."

'நீ' என்றாள். என் காதில் அதுதான் விழுந்தது.

பூசாரி யோசித்து யோசித்துச் சொன்னார். "பேருக்கு ஆளில்ல. நட்சத்திரத்துக்கு ஆள் கீது. அப்ப ரெண்டு அர்ச்சனையும் இந்தம்மாவுக்குத்தான் போய்ச் சேரும். ஆத்தாகிட்ட குடுத்தத திருப்பி வாங்க முடியாது." எலுமிச்சம்பழத்தை என் கையில் கொடுத்தார். போகிறவர் வாசலில் திரும்பி, "அது இருக்கட்டும், நாளைக்கு எந்த அண்டாவை மொதல்ல ஆத்தா முன்னால எறக்கறது?" என்று கேட்டார்.

சாயங்காலம் அடுப்பு மூட்டும் நேரம். அவள் தன் மாவுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கம் வைத்தாள். முத்தாபுதுப்பேட்டை அண்டாவில் ஊறிய நொய்யை என் அண்டாவில் வேகவிட்டோம். துடுப்பை எடுத்து நின்றாள். நான் மாவை ஊற்ற ஆரம்பித்தேன். அவள் மாவு என் மாவைவிட நன்றாகப் புளித்திருந்தது. அதை அன்றைக்குச் சொல்லவில்லை, இப்போது எழுதுகிறேன்.

ஏழரை மணி ஆகிவிட்டது. கூழை விட்டு நகர முடியாது. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அண்டாவின் புகையில் இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். சொல்ல வேண்டியதைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

"அன்னிக்கு டிவியப் பாத்து சொல்லல. உன்னப் பாத்துதான் சொன்னேன்" என்றேன்.

"தெரியும். நீ மாவ ஊத்துக்கா, கட்டி தட்டுது."

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது. "கண்ணு தொறந்துட்டா! தொறந்துட்டா!" கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா யாரையும் அடையாளம் தெரியலையாம்!"

"நம்ப ஊட்டு நட்சத்திரத்தக் குடுத்தா வேற எப்பிடி இருக்கும்? பாதிதான் வேலை செஞ்சுகீது" என்றாள் அவள். துடுப்பைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். நானும் சிரித்ததில் மாவு கொஞ்சம் வெளியே சிந்தியது.

ஞாயிற்றுக்கிழமை ஒரே அண்டாதான் போனது. இரண்டு வீட்டு மாவும் சேர்ந்ததில் கூழ் விளிம்பு வரை நின்றது. மூன்று தெருவுக்கு ஊற்றியும் மிச்சம்.

ஆவணியில் நல்ல நாள் பார்த்து மாடியில் அடுப்பு வைத்தோம். நானே பால் காய்ச்சினேன். நாலரைக்கு அவள் மாடியில் குக்கர் விசில் விடுகிறாள், நான் ஐந்தரை வரை தூங்குகிறேன். இதைத்தான் அவள் அன்றைக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். எனக்குப் புரிய ஒரு டிவிக்காரி மாடியிலிருந்து விழ வேண்டியிருந்தது. ஏழரைக்கு மட்டும் தட்டோடு கீழே வந்துவிடுவாள். அந்தத் தொடர் இன்னும் முடியவில்லை. மூத்தவளுக்கு ஞாபகம் வந்து, மறுபடி போய், மறுபடி வந்திருக்கிறது. கட்சி மாறாமல் அவரவர் இடத்தில்தான் இருக்கிறோம்.

படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை அடுத்தவர்களுக்குச் சொல்வதானால் நடந்தபடியே சொல்லுங்கள். சுவைக்காக அவளுக்குப் புருவத்தைத் தூக்கிவிடாதீர்கள். எனக்குப் பட்டுப்புடவை கட்டிவிடாதீர்கள். இடி எங்கேயும் இடிக்கவில்லை. வார்த்தையை விட்டவள் மூத்தவள், மாவுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவள் இளையவள். அந்த இரண்டு வரியை மட்டும் யாரும் மாற்ற வேண்டாம்.