கதிரையில ஏறிக் கேட்க நினைச்ச மன்னிப்பு

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மகளோட சோபாவில இருந்து ஒரு இங்கிலிஷ் படம் பார்த்தன். அமெரிக்காவில ஒரு பள்ளிக்கூடம். சாப்பாட்டு மண்டபத்தில ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொரு மேசை. நடு மேசையில வடிவான நாலு பெட்டையள், அவையளுக்கு ஒரு தலைவி. மற்றப் பிள்ளையள் எல்லாம் அந்த மேசையில ஒரு இடம் கிடைக்காதோ எண்டு ஏங்குகினம். இந்த மாதிரிப் படம் ஒண்டைப் பார்த்தால் நூறைப் பார்த்த மாதிரி. பாதியில மகள் திரும்பி, "அம்மா, உங்கட கிளாஸில நீங்கள் எந்த மேசை?" எண்டு கேட்டாள். நான் பொப்கோர்னை வாயில போட்டுச் சமாளிச்சன்.

எங்கட பள்ளிக்கூடத்தில சாப்பாட்டு மண்டபமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இருவது நிமிஷ இன்டர்வல். வகுப்புக்குள்ளயே மேசையளை இழுத்துச் சேர்த்துச் சாப்பிடுறது. ஆனா ஒரு முறை இருந்தது. லஞ்ச் பொக்ஸின்ர மூடியை மல்லாத்தி, அதில உன்ர சாப்பாட்டில ஒரு பங்கை வைச்சுப் பக்கத்தில இருக்கிறவளுக்கு நீட்டவேணும். அவள் அதில கொஞ்சம் எடுத்துக்கொண்டு, தன்ர சாப்பாட்டில கொஞ்சம் வைச்சு அடுத்தவளுக்கு நீட்டுவாள். மூடி ஒரு சுத்துச் சுத்தி வரேக்குள்ள இடியப்பமும் கட்லட்டும் பக்கத்துவீட்டு வட்டிலப்பமும் ஒண்டாக் கிடக்கும். நீட்டின மூடியை ஆரும் வேண்டாமெண்டு சொல்லுறதில்லை. வயித்துக்குத்து எண்டாலும் ஒரு பருக்கையாவது எடுக்கிறதுதான். எங்கையும் எழுதி வைக்கேல்லை, ஆனா பள்ளிக்கூடச் சட்டங்களை மீறினவள்கூட இதை மீறேல்லை.

நான் கொழும்பில கொட்டாஞ்சேனைக்காரி. பள்ளிக்கூடம் வெள்ளவத்தைப் பக்கம். காலமை பள்ளிக்கூட வானில புறக்கோட்டை நெரிசலுக்குள்ளால ஊர்ந்து போகவேணும். எங்கட தெருவுக்கு முந்தின தெருவில ஒரு வேதக்காரப் பிள்ளை, கிறிஸ்தவப் பிள்ளை, ஏறுவாள். தகப்பனுக்குத் துறைமுகத்தில வேலை. அவளும் நானும் ஆறாம் ஆண்டில இருந்து ஒரே வகுப்பு. அவள் முதல் ஏறி, பக்கத்து சீட்டில தன்ர புத்தகப் பாக்கை வைச்சு எனக்கு இடம் பிடிப்பாள். நான் ஏறினவுடன பாக்கைத் தூக்கி மடியில வைப்பாள். பத்தாம் ஆண்டு வரைக்கும் அந்த சீட்டில வேற ஆரும் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

பத்தாம் ஆண்டில என்ர விசர் தொடங்கினது. சனிக்கிழமை மட்ஸ் டியூஷன் பதினொண்டுக்கு முடியும், சயன்ஸ் டியூஷன் ரெண்டுக்குத்தான் தொடங்கும். அந்த இடைவெளியில வெள்ளவத்தைப் பிள்ளையள் நாலு பேர் ஒருத்தியின்ர ஃபிளட்டுக்குப் போய் டிவிடி பார்ப்பினம். கேத்திரகணிதம் சொல்லிக் குடுப்பன் எண்டதால என்னையும் கூப்பிட்டினம். எனக்குத் தலைகால் தெரியேல்லை. லிஃப்ட் உள்ள வீடு, கடல் தெரியிற ஜன்னல், அண்ணன்மாரோட இங்கிலிஷில கதைக்கிற பிள்ளையள்! நாங்கள் பார்த்ததெல்லாம் இந்த மேசைப் படங்கள்தான்.

ரெண்டு மாசத்தில அந்த ஃபிளட்டுக்காரி தன்னைத் தலைவி எண்டு நினைக்கத் தொடங்கிவிட்டாள். நாங்களும் நினைச்சம். ஆனா எல்லாருக்கும் ஒரே வெள்ளை யூனிஃபோர்ம், ஒரே ரெட்டைப் பின்னல். எங்கட கூட்டம் வேற எண்டு எப்பிடிக் காட்டுறது? தலைவி நல்லா யோசிச்சு ஒரு விதி கொண்டு வந்தாள். எங்கட மேசையில சான்ட்விச் மட்டும்தான். படத்தில ஆராவது புட்டுத் தின்னுறதைப் பார்த்தனீங்களோ எண்டு கேட்டாள். உண்மைதான், ஒருத்தரும் தின்னேல்லை.

அம்மாட்டச் சான்ட்விச் கேட்டன். அவ என்ர நெத்தியைத் தொட்டுக் காய்ச்சலோ எண்டு பார்த்தா. பிறகு ரெண்டு பாண் துண்டுக்கு நடுவில முதல் நாள் பருப்புக்கறியை அப்பித் தந்துவிட்டா. இன்னொருத்தி கத்தரிக்காய்ப் பொரியலை வைச்சுக் கொண்டு வந்தாள், எண்ணெய் முழங்கை வரைக்கும் வழிஞ்சது. தலைவி மட்டும் தோல் சீவின வெள்ளரிக்காய். வரலாற்றுப் பாடத்தில அவளின்ர வயிறு கத்தின சத்தத்துக்கு மிஸ் சோக்கை வைச்சிட்டுத் திரும்பிப் பார்த்தா.

அந்தக் கிழமைதான் என்ர வான் கூட்டாளி எங்கட மேசைக்கு வந்தாள். மூடியில புட்டு, மேல பொரிச்ச நெத்தலி. முறுகலா இருந்தால்தான் நான் தின்னுவன் எண்டு அவளுக்குத் தெரியும். மூடியை எனக்கு முன்னால நீட்டினாள். மேசையில நாலு பேரும் என்ர முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்திச்சினம். நான், "நோ, தாங்ஸ்," எண்டன். அஞ்சு வருஷமா ஒண்டாத் திண்டவளுக்கு இங்கிலிஷில! அவள் மூடியைக் கொண்டுபோய்த் தன்ர பெட்டியில கவிட்டாள்.

அடுத்த நாள் வானில அவளுக்குப் பக்கத்தில ரெண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒண்டு இருந்துது. நான் பின் டயருக்கு மேல இருக்கிற சீட்டில போய் இருந்தன். குழி வாற இடமெல்லாம் தலை கூரையில இடிக்கும். அவள் சண்டை பிடிக்கேல்லை, கோள் சொல்லேல்லை, கண்ட இடத்தில குட்மோர்னிங் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கேல்லை. ரெண்டு கிழமை போச்சு. இனி அந்த சீட் எனக்கில்லை எண்டு நினைச்சு வீட்டில தலாணிக்குள்ள முகத்தைப் புதைச்சு அழுதன்.

ஒரு மோட்டு வேலை செய்தால் அதைத் திருத்த இன்னொரு மோட்டு வேலைதானே வரும்? நான் பார்த்த படங்களில மன்னிப்புக் கேட்கிறதுக்கு ஒரே வழிதான் இருந்தது. எல்லாருக்கும் முன்னால, உயரத்தில ஏறி நிண்டு பேசவேணும். குளியலறையில ரெண்டு நாள் இங்கிலிஷில பாடமாக்கினன். வியாழக்கிழமை இன்டர்வலுக்குக் கதிரையில ஏறி, எல்லாரும் கேளுங்கோ எண்டு கத்தினன். வகுப்பு அடங்கிச்சுது. வாயைத் திறக்கிறன், விறாந்தையில வைஸ் பிரின்சிபல் மிஸ்.

"விருப்பப்பட்டுத்தானே ஏறினனீர்? அப்ப அடுத்த பாடம் முடியும்வரைக்கும் நில்லும்," எண்டா.

நிண்டன். பாடமாக்கினதெல்லாம் பறந்து போச்சு. வகுப்பே விழுந்து விழுந்து சிரிச்சுது. தலைவி என்னை முன்னபின்ன தெரியாதவள் மாதிரி ஜன்னலுக்கு வெளியால பார்த்தாள். என்ர பருப்புச் சான்ட்விச் எட்டாத தூரத்தில கிடந்தது. அப்ப என்ர முழங்காலடிக்கு ஒரு மூடி வந்தது. புட்டு, நெத்தலி.

"முதல் தின். கதையெல்லாம் பிறகு," எண்டாள் என்ர கூட்டாளி.

குனிஞ்சு அள்ளித் திண்டன். அழுகையோட திண்டதால புரைக்கேறிச்சுது, அவளே தண்ணிப் போத்திலையும் எட்டித் தந்தாள். கொஞ்ச நேரத்தால தலைவி மெல்ல வந்து, தனக்கும் கொஞ்சம் தருவியோ எண்டு அவளைக் கேட்டாள். அவள் குடுத்தாள். சான்ட்விச் விதி அண்டையோட செத்துது. அடுத்த கிழமை தலைவி கொண்டு வந்த குரக்கன் புட்டு எங்கட வகுப்பிலயே திறமானது.

வெள்ளிக்கிழமை வானில ஏறினால் பக்கத்து சீட்டில பாக் இருந்தது. அவள் என்னைப் பார்க்காமலே தூக்கி மடியில வைச்சாள். நான் இருந்தன். கதையெல்லாம் பிறகு எண்டவள்தான், அந்தப் பிறகு வரவேயில்லை. ஓ லெவல் சோதினை வந்தது, கலியாணங்கள் வந்தது, பிள்ளையள் வந்தது. நான் அந்த மன்னிப்பைக் கேட்கவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் படத்திலயும் கடைசியில ஒருத்தி மேடையில ஏறி மன்னிப்புக் கேட்டாள், எல்லாரும் கை தட்டிச்சினம். மகள் தண்ணி குடிக்க எழும்பின நேரம் பார்த்து நான் ஃபோனை எடுத்தன். கூட்டாளி இப்ப ஹெந்தளையில இருக்கிறாள். அந்தக் கதிரையில நிண்டு சொல்ல வந்தது இதுதானடி, அண்டைக்கு நீ நீட்டின மூடியை நான் வேண்டாமெண்டது பிழை எண்டு ஒரு மூச்சில சொல்லி முடிச்சன்.

அவள் சிரிச்சாள்.

"மூண்டு நாள் நீட்டினனானடி. முதல் ரெண்டு நாளும் நீ நிமிர்ந்தே பார்க்கேல்லை."

இத்தினை வருஷமா ஒரு நாள் எண்டுதான் நினைச்சுக்கொண்டு இருந்தன். மூண்டு நாள் வேண்டாமெண்டவளுக்குத்தான் அவள் நாலாம் தரமும் கதிரையடிக்கு மூடியைக் கொண்டு வந்திருக்கிறாள். அழுறியோ எண்டு கேட்டாள், இல்லை எண்டன். சனிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு வா, புட்டவிக்கிறன், பாண் கொண்டு வந்தியெண்டால் வாசலிலயே நிப்பாட்டிப்போடுவன் எண்டாள்.

மகள் வந்து, ஆரோட கதைச்சனீங்கள் எண்டு கேட்டாள். வானில எனக்கு இடம் பிடிச்சு வைச்சவளோட எண்டு சொன்னன்.