றீற்றா அக்கா காத்த கிணறு

போன வெள்ளிக்கிழமை காலை எங்கள் மாதா கோயிலில் துக்கமணி அடித்தது. படலையடியில் நின்று விசாரித்தேன். "றீற்றா அக்கா மோசம் போயிட்டா," என்றார் வீதியில் போனவர். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் கிணற்றடியில் யார் இருப்பது என்பதுதான் எனக்கு வந்த முதல் யோசனை. அழுகை பிறகுதான் வந்தது. அவரை அறிந்த நீங்கள் இதைப் பிழையாக எடுக்க மாட்டீர்கள்.

போரில் ஊரிழந்து வந்தவர்களுக்கு வேலணைத் தீவின் கரையோரம் பிரித்துக் கொடுத்த காணிகளில் எழுந்தது எங்கள் குடியிருப்பு. ஆழமில்லாத கடல், சவுக்கு நிழல், மாலை வெளிச்சம் எல்லாம் இங்கே உண்டு. அவற்றைப் பார்க்க ஞாயிறுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வான் வண்டிகள் நிறைய ஆட்கள் வருவார்கள். ஆனால் நல்ல தண்ணீருக்கு இருப்பது ஒரேயொரு கிணறு. மிஞ்சி இறைத்தால் கடல்நீர் உள்ளே வந்துவிடும். அது உவர்த்துப் போனால் நாங்கள் மறுபடியும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கடலில் குளித்தவர்கள் உப்புக் கழுவ அங்கேதான் வருவார்கள். அக்கா கதிரை போட்டு இருப்பார். கயிற்றை ஒருவரிடமும் கொடாமல் தானே அள்ளி ஊற்றுவார், ஆளுக்கு ஒரு வாளி. ஒருமுறை கொழும்புக்காரர் ஒருவர் தலை நிறையச் சவர்க்கார நுரையோடு நின்று இன்னொரு வாளி கேட்டார்.

"ஏலாது தம்பி. கடலிலை போய்க் கழுவும்," என்றார் அக்கா.

மனிதர் நுரையோடே கடலுக்குத் திரும்பினார். சனம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

மோட்டார் பூட்டிக் குளியலறை கட்டினால் குடியிருப்புக்கு வருமானம் வரும் என்று சங்கக் கூட்டத்தில் இளைஞர்கள் சொன்னார்கள். யோசனை மோசமில்லை என்றே எனக்கும் பட்டது. அக்கா எழும்பினார்.

"நாங்கள் இருந்த இடமெல்லாம் தண்ணி நல்லாத்தான் இருந்தது. எங்களாலைதான் இருக்க ஏலாமல் போச்சு. இங்கை நாங்கள் இருக்கிறம். தண்ணி போகக்கூடாது."

மோட்டார் வரவில்லை. இளையவர்கள் அவருக்குப் 'பொலிஸ் அக்கா' என்று பட்டம் வைத்துக் கொஞ்சக் காலம் முகம் கொடுக்காமல் திரிந்தார்கள். அவர் அதைக் கணக்கெடுக்கவில்லை.

சனிக்கிழமை அடக்கம் முடிந்தது. மறுநாள் கிணற்றடியில் நான் இருந்தேன். எனக்கு முகத்துக்கு நேரே மறுக்க வராது. பிள்ளையோடு வந்த தாய்க்கு இரண்டு, கெஞ்சிக் கேட்டவருக்கு இரண்டு என்று ஊற்றிவிட்டேன். வான்கள் போன பிறகு ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். உவர்த்துப் போயிருக்குமோ என்ற பயம்தான். உவர்க்கவில்லை.

அக்காவும் கடைசி ஆள் போன பிறகு ஒரு கை தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். களைப்பில் குடிக்கிறார் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தோம். அந்தப் பயம் இப்போது என்னிடம் இருக்கிறது.