தேயிலைத் தூரில் படிந்த பச்சை

சித்திரபுரத்தை விட்டு தேவிகுளம் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். பையில் இரண்டு சட்டை, மரம் சுரண்டும் தகடு ஒன்று. நான் நான்கு நாள் வேலை பார்த்த தங்கும் விடுதியில் மீன்தொட்டி காலியாகக் கிடந்தது. பதினொரு மீனும் செத்துவிட்டன.

செடி வைத்தால் அந்த மீன்கள் பிடுங்கித் தின்றுவிடும் என்பதால் தொட்டி அலங்காரத்துக்குக் கல்லும் மரமும் போதும் என்றார் விடுதி முதலாளி. கோவிந்தாபுரத்தில் ஒரு மீன் கடையில் எட்டு மாதம் நின்ற தைரியத்தில் ஒப்புக்கொண்டேன். அங்கே தொட்டியில் வைக்கும் மரத்தை அழுக்குப் போக நாள்கணக்கில் வேகவைப்பார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. ஓடையில் மூன்று கல் பொறுக்கினேன். மறுநடவுக்காகத் தோட்டத்தில் பிடுங்கிப் போட்டிருந்த கிழட்டுத் தேயிலைத் தூர் ஒன்றை எடுத்தேன். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவனுக்கு அது அடுப்பு விறகு. அதில் கெடுதல் இருக்கும் என்று தோன்றாது. பெரிய கல்லை இடப்பக்கம் ஒதுக்கி, வேர்கள் மேலே விரிய தூரை அதில் சாய்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. பட்டை இடுக்கில் நீலப்பச்சையாக ஏதோ படிந்திருந்தது. பாசி என்று நினைத்து, அழகுக்காகச் சுரண்டாமல் விட்டேன்.

மறுநாள் மதியம் மீன்கள் மிதந்தன. தரை துடைக்கும் அக்கா முதலாளியிடம் மாட்டிக்கொண்டார். எனக்கு அந்த வேலையைக் கேட்டு வாங்கித் தந்தவரே அவர்தான்.

“பினாயில் கைய உள்ள விட்டியா?”

“ஐயோ, கிட்டயே போகல சார். தம்பி, நீயாவது சொல்லேன்.”

நான் வாயைத் திறக்கவில்லை. பினாயிலாகத்தான் இருக்கும் என்று நம்புவது வசதியாக இருந்தது. “உன்ன வச்சுக்கிறதா வேண்டாமான்னு காலையில சொல்றேன்” என்று அவர் அக்காவிடம் சொல்லும்போதே நான் பையை எடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை தேவிகுளத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்தடிக்க ஆள் எடுத்தார்கள். கங்காணி டிரம்மில் பொடியைக் கொட்டிக் கலக்கினார்.

“பம்ப ஓடையில கழுவிறாதலே. தாமிர மருந்து. முன்னால ஒரு கூறுகெட்டவன் கழுவி, கீழ ஒரு மீன் மிச்சமில்ல.”

டிரம்முக்குள் பார்த்தேன். தூரின் பட்டை இடுக்கில் இருந்த அதே நீலப்பச்சை.

முதலாளிக்குப் போன் போட்டேன். “அக்கா மேல தப்பில்ல சார். நான் வச்ச மரம்தான்.”

“இப்பத்தான் வாய் தொறந்துச்சா? அவள அனுப்பிட்டேன். மொத பஸ்ஸுக்கே போயிட்டா.”

“திரும்பக் கூப்பிடுங்க சார்.”

வைத்துவிட்டார். அக்காவின் நம்பர் என்னிடம் இல்லை.

“போன் பேசவா வந்த? பம்பத் தூக்குலே” என்றார் கங்காணி. பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு செடிகளுக்குள் இறங்கினேன்.