அண்ணாச்சியின் கழுத்துக் கட்டி

இரண்டு வாரமாக நம்ம சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் கேட்காத குரல் இன்று காலை கேட்டது. ஏலம் போடும் அண்ணாச்சி வந்துவிட்டார்.

அவர் கழுத்தில் எலுமிச்சை அளவுக்குத் தைராய்டு கட்டி. புற்று இல்லை, ஆனால் சோறு விழுங்கவே சிரமம். ஆபரேஷன் செய்தால் குரல் போய்விடுமோ என்று பயந்து ஒரு வருடமாகத் தள்ளிப்போட்டவர்.

"இப்ப எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்றேன்.

"கத்தியே வைக்கல. மதுரையில ஒரு டாக்டரம்மா ஸ்கேன்ல பாத்துக்கிட்டே ஊசிய உள்ள விட்டு, கட்டிய மட்டும் சூடு வச்சுக் கருக்கிட்டாக. மரத்துப்போகத்தான் மருந்து, நான் முழிச்சே கிடந்தேன். குரல் நரம்பு பக்கத்துலயே இருக்காம். அதனால நடுநடுவுல பேசச் சொன்னாக."

"என்ன பேசுனீங்க?"

"எனக்கு வேற என்ன தெரியும்? மல்லி, பிச்சி, கேந்தின்னு ஏலம் போட்டேன். குரல் கம்முனா உடனே நிறுத்திருவாகளாம். கடைசி வரைக்கும் கம்மல."

கட்டி முழுதாகச் சுருங்கச் சில மாதங்கள் ஆகுமாம். திரையைப் பார்த்தபடியே நரம்பைத் தொடாமல் சுட்ட அந்தக் கையை நினைத்து அசந்துபோய் நின்றேன்.

"ஊசிய உருவிட்டு என்ன சொன்னாக தெரியுமா? 'பிச்சிய நானே எடுத்துக்கிடுதேன்'னாக."

அந்தப் படுக்கையில் உங்களைப் பேசச் சொன்னால் என்ன பேசுவீர்கள்? நான் "முடிஞ்சுதா டாக்டர்?" என்பதைத் தவிர வேறெதுவும் பேசியிருக்க மாட்டேன்.