ஐஸ்காரிக்கு வெயில் லாபமா?

ஐஸ் வியாபாரத்தில் விற்காத சரக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை. சாயங்காலத்துக்குள் அது தானாகவே ஏரிக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

தார் ரோடு போடுகிறவர்கள், தெருவோரம் இஸ்திரி போடுகிறவர்கள், உச்சி வெயிலில் மாடிக்கு மாடி சிலிண்டர் தூக்குகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் நான் சொல்வது உடனே விளங்கும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பழவேற்காட்டில், ஒல்லாந்தர் கல்லறைக்குப் போகிற வழியில், படகுத் துறையை ஒட்டி எங்கள் கொட்டகை இருக்கிறது. என் வீட்டுக்காரர் முழங்கால் வலியால் ஏரிக்குப் போவதை விட்ட பிறகு, ஐஸ் கட்டி வாங்கி, உமியில் புதைத்து, உடைத்து, படகுக்காரர்களுக்கும் மீன் விற்கிற பெண்களுக்கும் கொடுப்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு. பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். மகள் செல்வி சென்னையில் இருக்கிறாள். அவள் வீட்டில் ஏசி உண்டு. போன கோடையில் நாங்கள் பட்ட பாட்டைப் பார்த்தவள், இந்த வருஷம் சித்திரை பிறந்ததுமே தீர்ப்பு சொல்லிவிட்டாள். கத்திரி வெயில் முடிவதற்குள் கொட்டகை தேறினால் சரி. இல்லாவிட்டால் பூட்டிவிட்டு இரண்டு பேரும் அவளோடு வந்துவிட வேண்டும். மகள் வீட்டுச் சோறு ஒன்றும் கசக்காது. ஆனாலும் கை கால் ஓடுகிறவரை என் அடுப்பில் என் அரிசியைப் போட்டு இறக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. அதை அம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் கோடையை ஆரம்பித்தேன்.

அந்தச் சமயம் பார்த்து, உலகத்திலே நிலமும் கடலும் இதுவரை இல்லாத அளவுக்குச் சூடாகிவிட்டன என்று டிவியில் சொன்னார்கள். மறுநாள் துறையில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என்னிடம் ஐஸ் வாங்கித் தெருத்தெருவாக மீன் விற்கிற கன்னியம்மா, தலையில் இருந்த கூடையைக்கூட இறக்காமல் சொன்னாள்:

"உனுக்கின்னா யக்கா, ஒலகமே வேவுது, உன் வூட்ல தீபாவளி!"

வழியில் இறங்கியது

பொன்னேரிப் பக்கத்துக் கம்பெனியிலிருந்து வேனில்தான் எங்களுக்கு ஐஸ் வரும். ஓட்டிக்கொண்டு வருவது சலீம். கட்டிமேல் உமி கொட்டி, சாக்கு போர்த்தி, அதன்மேல் தார்ப்பாய் கட்டிக் குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரிதான் கொண்டுவருவான். அப்படியும் இந்த வருஷம் கட்டிகள் வந்து இறங்கும்போது, ஒரு வீடே குளித்து முடித்த சோப்பு மாதிரி நாலு மூலையும் மழுங்கி இருந்தன. வேனுக்குப் பின்னால் ரோட்டில் தண்ணீர்க் கோடு, யாரோ கோலம் போட ஆரம்பித்து மறந்துபோன மாதிரி.

"ஏம்பா சலீமு, பாதி எங்கே?" என்று கேட்டேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. மிச்சமிருந்த கட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனபடியே சொன்னான்:

"முழுசாத்தான் யக்கா ஏத்துனேன். அங்க ரெண்டு பேரு புடிச்சித் தூக்குனோம், இங்க நான் ஒண்டியா தூக்கறேன். உனுக்கு நஷ்டம்தான், என் இடுப்புக்கு நல்லது."

ஏரிக்குக் காய்ச்சல்

காலேஜிலிருந்து ஒரு பெண் வந்து ஏரித் தண்ணீரில் தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. நல்ல பெண். வெயிலில் கிறுகிறுத்துப் போய் என் கொட்டகையில் உமி மூட்டைமேல் வந்து உட்கார்ந்தது. ஈரத்துணியில் ஐஸைச் சுற்றிக் கழுத்தில் வைத்தேன். முகம் தெளிந்ததும் விளக்கம் சொல்ல ஆரம்பித்தது. பூமியில் கூடிக்கொண்டே போகிற சூட்டில் தரையும் காற்றும் எடுத்துக்கொள்வது கொஞ்சம்தானாம். பெரும்பங்கைக் கடல்தான் சத்தமில்லாமல் வாங்கி உள்ளே வைத்துக்கொள்கிறதாம். தரை சீக்கிரம் சூடாகி சீக்கிரம் ஆறிவிடும், கடல் மெதுவாகச் சூடாகி மெதுவாகத்தான் ஆறும் என்றது. வீட்டில் எல்லோருடைய கோபத்தையும் வாங்கி வைத்துக்கொள்கிற ஆள் யார் என்று எனக்குத் தெரியும், அதனால் சட்டென்று புரிந்துவிட்டது.

பக்கத்துத் தோணிரேவு கிராமத்துத் தேசப்பன் அப்போது ஐஸ் வாங்க வந்திருந்தான். என் பழைய வாடிக்கை, ஏரியில் இறால் பிடிக்கிறவன். எல்லாவற்றையும் கையைக் கட்டிக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினான்:

"அப்டின்னா இத்தினி நாளா நாம வெந்நீர்லயா வல போட்டுகினு இருந்தோம்? பாதி வெந்த மீனுன்னு சொல்லி ரேட்ட ஏத்தலாம் யக்கா. கேஸு மிச்சம்னா பட்டணத்துக்காரன் ஓடியாந்து வாங்குவான்."

தேசப்பனின் பாடு

எங்கள் ஏரியில் யாரும் இஷ்டப்பட்ட இடத்தில் வலை போட முடியாது. ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்ன இடம் இன்னாருக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். அதைப் பாடு என்போம். நல்ல இடத்துப் பாடு வருவதற்கு ஒருவன் பல நாள் காத்திருக்க வேண்டும். அந்த நாளில் ஐஸ் பெட்டி வழிய வழியத்தான் படகு ஏற வேண்டும். பாதிப் பெட்டியோடு போனால், 'இவனுக்கு இவ்வளவு போதும்போல' என்று அம்மனும் பாதி வலையைத்தான் நிரப்புவாள் என்று எங்கள் ஆட்களுக்கு நம்பிக்கை.

தேசப்பனுக்கு அன்றைக்கு நல்ல இடம் வந்தது. பெட்டியை நிரப்பி, மேலே இன்னும் ஒரு கூடை கொட்டச் சொன்னான். எனக்கும் சந்தோஷம். ஆனால் ஏரி கொதித்துக் கிடந்தது. இறால் எல்லாம் ஆழம் தேடி முகத்துவாரத்துப் பக்கம் ஒதுங்கிவிட்டிருந்தது. சீட்டுப் போட்டது இடத்துக்குத்தானே, இறாலுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. மத்தியானம் தேசப்பன் திரும்பி வந்து, என் எதிரில் பெட்டியை வைத்துத் திறந்து காட்டினான். தண்ணீரும், அதில் மிதக்கிற ஒரு கைப்பிடி இறாலும் இருந்தன.

"மீன் இல்லன்னா ஐஸையாவது உன்கிட்டயே திருப்பிக் குடுத்துடலாம்னு வந்தேன் யக்கா. அதுவும் பெட்டியில நிக்கல."

கல்லறை பார்க்க வந்தவர்

தேசப்பனைப் பார்த்து மற்றவர்களும் உஷாராகிவிட்டார்கள். முதலில் மீன், அப்புறம்தான் ஐஸ். மீன் விழுந்தால் போன் போடுகிறோம், நீ தயாராக இரு என்றார்கள். நான் தயாராக இருந்தேன். ஐஸுக்குத்தான் அந்தப் பொறுமை இல்லை.

அப்படி ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கல்லறையைப் பார்த்துவிட்டு ஒருவர் வியர்த்து வழிய வந்து நிழலில் ஒதுங்கினார். அவ்வளவு குளிரான தேசத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் இங்கே இத்தனை பேர் எப்படிச் செத்தார்கள் என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார். இவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே பதில் சொன்னார்:

"கல்லுல எழுதிக்கீது சார், எனுக்குப் படிக்க வராது. ஆனா கத்திரியில வந்து பாக்கறவங்க யாரும் இந்தக் கேள்விய ரெண்டாவது தபா கேட்டதில்ல."

என்ன கேட்பது?

விளக்கேற்றிக் கும்பிடுவதில் நான் சோம்பல் படுகிறவள் இல்லை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல், பரீட்சை, கல்யாணம், பிரசவம் என்று எது வந்தாலும் எனக்கு அம்மனிடம் கேட்கத் தெரியும். இந்தக் கோடையில்தான் முதல் தடவையாக, கற்பூரம் அணைந்த பிறகும் வாயைத் திறக்காமல் நின்றேன். வெயில் குறையட்டும் என்று கேட்டால் ஐஸை யார் வாங்குவார்கள்? ஏறட்டும் என்று கேட்டால் இறால் ஓடிப்போகும். இறால் இல்லாத ஊரில் ஐஸ் எதற்கு? அதுவுமில்லாமல், நான் பிழைக்க ஊர் வேகட்டும் என்று எப்படிக் கேட்பேன்?

கன்னியம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள் மீனுக்கு ஐஸ் அடுக்கிக்கொண்டே, பெரிய வக்கீல் மாதிரி வழி சொன்னாள்:

"இதுக்கு இன்னாத்துக்கு இம்மாம் யோசன? ஏரியும் கடலும் குளிரட்டும், கர மட்டும் கொதிக்கட்டும்னு கேளு யக்கா. ரெண்டையும் தனித்தனியா பாக்கறதுக்குத்தான அவளுக்கு ரெண்டு கண்ணு கீது?"

அம்மன் கேட்டது

கங்கையம்மனைக் குளிர வைப்பதென்று ஊரில் முடிவாயிற்று. அக்கரைப் பசியாவரத்திலிருந்துகூடப் படகேறி வந்தார்கள். பெண்கள் ஏரியில் குடம் மொண்டு, வேப்பிலை போட்டு, சுமந்து வந்து அம்மன்மேல் ஊற்றுவது வழக்கம். நானும் சுமந்தேன். முதல் குடத்தை வாங்கிய பூசாரி உள்ளே விரலை விட்டுப் பார்த்துவிட்டு வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். இதை அவள் தலையில் ஊற்றினால் குளிரமாட்டாள், வெந்நீரில் குளித்து முடித்தவள் மாதிரி எழுந்து வந்துவிடுவாள் என்றார். கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

மீன் ஐஸா அம்மனுக்கு என்று ஒருவர் முகம் சுளித்தார். மீன் பிடிக்கிறவன் சாமிக்கு மீன் வாசனை ஆகாதா என்று இன்னொருவர் அவர் வாயை அடைத்தார். அன்றைக்குக் கொட்டகையில் இருந்தது ஒரே கட்டி. உமி போகக் கழுவி, உடைத்து, குடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டோம். நான் உடைத்துக்கொண்டிருக்கும்போதே இடுப்பில் இருந்த போன் அடித்தது. யாருக்கோ மீன் விழுந்திருக்கிறது. கொடுக்கத்தான் ஐஸ் இல்லையே, நான் எடுக்கவில்லை. பூசாரி ஜில்லென்ற குடத்தைத் தூக்கி ஊற்றிவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"வேப்பிலைக்கே குளிர்ந்துகினு இருந்தவம்மா. இப்ப அவளும் கம்பெனி ஐஸ் கேக்கறா, நாம இன்னா பண்றது?"

எளாவூர்ப் பக்கத்து வீடு

அம்மன் குளிர்ந்தாளோ என்னவோ, வெயில் குளிரவில்லை. கத்திரி பாதி தாண்டியது. நான் பெட்டியை இறக்கித் தூசி தட்டி, புடவைகளை அடுக்க ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் அதைப் பார்க்காத மாதிரி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எளாவூர்ப் பக்கத்து நெல் விவசாயி ஒருவர் வீட்டிலிருந்து ஆட்டோ வந்தது. பெரியவர் உச்சி வெயிலில் வரப்பில் நடந்துகொண்டே விழுந்துவிட்டாராம், எடுத்து வருவதற்குள் முடிந்துவிட்டது. மகன் வெளியூரிலிருந்து வரும்வரை வைத்திருக்க வேண்டும். குளிர்பெட்டி கேட்டால், எல்லாப் பெட்டியும் வேறு வேறு வீடுகளுக்குப் போயிருக்கிறது என்றார்களாம். இருந்த கட்டிகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு நானும் கூடவே போனேன். எப்படி அடுக்கினால் சீக்கிரம் கரையாது என்று அவர்களுக்குத் தெரியாதல்லவா. கட்டிலைச் சுற்றி அடுக்கி, உமி போட்டு, கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தேன். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவர் பெண்சாதி அழவில்லை. ஐஸ் கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"ஜில்லுனு தண்ணி, ஜில்லுனு தண்ணின்னு கத்திரி பொறந்ததுலேர்ந்து கேட்டுகினே இருந்தாரும்மா. சளி புடிக்கும்னு நாந்தான் குடுக்கல. இப்ப பாரு, கட்டில சுத்தி குடுத்துக்கீறேன்."

வரிசை

அந்த வார்த்தை எப்படிப் பரவியதோ தெரியாது. அடுத்த நாளிலிருந்து ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். பக்கெட், சோற்றுக் குண்டான், டிபன் கேரியர் என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாமனாருக்கு நெற்றியில் வைக்க, நிறைமாதப் பெண்ணின் கட்டிலுக்கு அடியில் வைக்க, டேபிள் ஃபேனுக்கு எதிரே தட்டில் வைக்க என்று ஆளுக்கொரு காரணம். "வாயில் போடாதீங்க, இது மீன் ஐஸ்! துணியில சுத்தி வெளிய மட்டும் வையுங்க!" என்று கத்திக் கத்தி வீட்டுக்காரருக்குத் தொண்டை கட்டிவிட்டது. சலீம் ஒரு நடைக்கு இரண்டு நடை வந்தான். உருகுவதற்கு ஐஸுக்கு நேரமே கிடைக்கவில்லை.

கன்னியம்மா மட்டும் வெறுங்கூடையோடு வரிசையில் நின்று வெந்தாள். அவள் முறை வருவதற்குள் ஐஸ் தீர்ந்துவிட்டது. துறைக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்:

"மீனுக்கு ஐஸ் கேட்டா, மொதல்ல மாமனாரு அப்புறந்தான் மீனுன்றா! இன்னா அநியாயம்டி இது, என் மீனுக்கு ஒரு மருமவ இல்லாம பூட்டாளே!"

செல்வியின் தீர்ப்பு

கத்திரி முடிந்த வாரம் செல்வி வந்தாள். என் பெட்டியைத் தூக்கிப் போகத்தான் வந்தாள். காலையிலிருந்து கொட்டகை வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களையும் அவர்கள் யாருக்காக வாங்குகிறார்கள் என்பதையும் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் மனசுக்குள் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். நினைத்த கையோடு அந்த எளாவூர்க் கட்டில் ஞாபகம் வந்து, குனிந்து ஐஸ் உடைக்க ஆரம்பித்தேன். கடைசியில் அவள் எழுந்து, பெட்டியிலிருந்த என் புடவைகளை எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டாள்.

"சரி, நீ வர வேணாம்மா. ஆனா என் மாமியார இங்க கொண்டாந்து வுடறேன். அங்க கரண்டு நிக்க மாட்டேங்குது, ஏசிய நம்பி அவங்கள ஒண்டியா வுட்டுட்டு வேலைக்குப் போவ பயமா கீது."

மீன் கெடாமல் பார்த்துக்கொள்ளப் போட்ட கொட்டகை, மனுஷர் கெடாமல் பார்த்துக்கொள்ளப் போய்ப் பிழைத்துக்கொண்டது. அதற்காக அம்மனிடம் நன்றி சொல்வதா மன்னிப்புக் கேட்பதா என்பது மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.