துளசி குடிக்காத தேநீர்

துளசி என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால் ஜெயபாலனிடம் பதில் உண்டு. "வீடு இல்லாத குடும்பங்களுக்கு உதவுற சங்கத்துல இருக்கா" என்பார். அந்தக் குடும்பங்கள் எங்கே இருக்கின்றன என்ற அடுத்த கேள்விக்குத்தான் அவரிடம் பதில் கிடையாது. ஈப்போ நகரத்தில் கடை வாசல்களில் படுத்திருப்பவர்கள் எல்லாம் ஒற்றை ஆட்கள். பிள்ளை குட்டியோடு ஒரு குடும்பம் தெருவில் படுத்து அவர் பார்த்ததே இல்லை. தன் கண்ணில் படாதவர்களைத் தங்கை மட்டும் பதினோரு வருடமாக எப்படிக் கண்டுபிடிக்கிறாள்?

கேட்டால் அவள் சிரிப்பாள். "ஒரு நாளைக்குக் கூட வந்து பாருங்கண்ணே."

ஒரு சனிக்கிழமை அந்த நாள் வந்தது. துளசியின் கார் பட்டறையில் கிடந்தது. ஜெயபாலன் தன் காரைத் துடைத்து, டயருக்குக் காற்றுப் பார்த்து, சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னதாகவே போய் நின்றார். ஜெலாப்பாங் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் ஸ்டோரைக் கவனித்தவர் அவர். எந்தத் தட்டில் எந்தத் திருகாணி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பள்ளிப் படிப்பு ஒன்பதாம் வகுப்பான மூன்றாம் படிவத்தோடு சரி. செமோர் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து துளசியைப் பல்கலைக்கழகம் வரை அனுப்பியது அவருடைய சம்பளம்தான். அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அவளுடைய பட்டமளிப்புப் படம் தொங்குவது அவர் வீட்டுக் கூடத்தில்.

போகும் வழியில் துளசி விஷயத்தைச் சொன்னாள். அன்னபூரணி ஆச்சி என்பவரிடம் சங்கம் மூன்று வீடுகளை வாடகைக்கு எடுத்திருக்கிறது. ஒரு குடும்பம் ஒரு வருடம் அங்கே இருக்கலாம். அதற்குள் வேலை, பிள்ளைகள் படிப்பு எல்லாவற்றையும் சரிப்படுத்திக்கொண்டு சொந்தமாக வாடகை வீடு பார்த்துப் போக வேண்டும். இப்போது ஒரு வீடு காலி. கேட்டு நிற்பவை இரண்டு குடும்பங்கள். இரண்டு பிள்ளைகளோடு உறவுக்காரர் வீட்டுப் பின்னறையில் ஒண்டியிருக்கும் ஓர் அம்மாவைக் காலையிலேயே பார்த்தாகிவிட்டது. அடுத்த குடும்பத்தைப் பார்த்தபின் நான்கு மணிக்குக் கமிட்டி முடிவு செய்யும்.

"சுகுமாரன்னு பேரு. செக்யூரிட்டி கார்டு வேலை. கையில அடிபட்டு வேலை போச்சு. ரெண்டு பொம்பளப் பிள்ளைங்களும் வேன்லதான் தூங்குதுங்கன்னு டீச்சர் ஒருத்தங்க போன் பண்ணிச் சொன்னாங்க."

"வேன் எங்க நிக்குது?"

"தெரியல. அவரு கொடுத்த அட்ரஸ் பிளாட்டு, மூனாவது மாடி."

"வேன்ல இருக்கிறவருக்கு மூனாவது மாடியா?"

"அதைத்தான் பாக்கப் போறோம்" என்றாள் துளசி.

பிளாட்டின் கீழே கமிட்டிக்காரர் சிவபிரகாசம் கோப்போடு காத்திருந்தார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணால் பார்க்காத எதையும் பாரத்தில் எழுதமாட்டார் என்று துளசி சொல்லியிருந்தாள்.

மேலே கதவு திறந்ததும் சாம்பிராணி மணத்தது. சாமி படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. பத்து வயதிலும் ஏழு வயதிலுமாக இரண்டு பெண் பிள்ளைகள் பட்டுப்பாவாடை கட்டிப் பூ வைத்து நின்றார்கள். தட்டு நிறைய முறுக்கு. சுகுமாரன் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தார். அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கியே இருந்தன.

"வாங்க சார், உக்காருங்க. இது மச்சான் வீடு. அவரு வேலைக்குப் போயிருக்காரு. எங்களுக்கு ஒரு ரூமு கொடுத்திருக்காரு, ஒரு குறையும் இல்ல."

சிவபிரகாசம் எழுந்து போய் அறையைப் பார்த்தார். கட்டில், மெத்தை, மின்விசிறி. திரும்பி வந்து எழுதினார். வீடு கேட்டு மனு போட்ட மனிதர் எதற்காக இவ்வளவு நல்ல வீட்டைக் காட்டுகிறார் என்று ஜெயபாலனுக்கு விளங்கவில்லை.

அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து அடுப்படி தெரிந்தது. சுகுமாரனின் மனைவி தினேஸ்வரி தேநீர் கலக்கிக்கொண்டிருந்தாள். மேல் அலமாரியைத் திறந்து மூடினாள். பக்கத்து அலமாரியைத் திறந்தாள். ஒரு டப்பாவைத் தூக்கி முகர்ந்து பார்த்து வைத்தாள். கீழே குனிந்து தேடினாள். கடைசியில் வந்த தேநீரில் சீனி இல்லை.

ஜெயபாலனின் முப்பத்திரண்டு வருட ஸ்டோர் புத்தி விழித்துக்கொண்டது. தன் அடுப்படியில் சீனி எங்கே இருக்கிறது என்று தெரியாத பெண் உண்டா?

துளசிக்கு இது தெரிந்ததா என்று பார்த்தார். அவள் பிள்ளைகளிடம் பள்ளிக்கூடக் கதை கேட்டுக்கொண்டிருந்தாள். முன்னால் வைத்த தேநீரைத் தொடவே இல்லை. மேலே ஆடை படிந்துகொண்டிருந்தது. ஜெயபாலனுக்கு உடம்பு கூசியது. ஒரு வீட்டுக்குப் போய்க் கொடுத்ததைக் குடிக்காமல் வைப்பதா? அம்மா வளர்த்த லட்சணமா இது? கண்ணைக் காட்டினார். அவள் கவனிக்கவில்லை.

சுகுமாரன் கவனித்துவிட்டார். "என்னக்கா, எங்க வீட்டுத் தண்ணி உங்களுக்கு ஆவாதா?"

"குடிக்காமப் போகமாட்டேன். இருங்கலா" என்றாள் துளசி.

சிவபிரகாசம் எழுதிக்கொண்டிருந்த கோப்பை மூடினார். துளசி பக்கம் சாய்ந்து, "இவங்க வசதியாத்தான் இருக்காங்கம்மா. காலையில பார்த்தவங்களுக்கே கொடுத்திடலாம்" என்றார். தாழ்ந்த குரல்தான், ஆனால் சின்ன வீடு. தினேஸ்வரி சேலைத் தலைப்பை முறுக்கிப் பிடித்தாள்.

சீனி விஷயம் ஜெயபாலனின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வாயைத் திறக்கும் முன் துளசி அவர் காலை அழுத்தி மிதித்தாள்.

"தினேஸ், எனக்கு ஒரு பழக்கம்" என்றாள். "யாரைப் பாக்கப் போனாலும் அவங்க வீட்டுலதான் தண்ணி குடிப்பேன். இது உங்க அண்ணன் வீடு. முறுக்கும் அவரு வீட்டு முறுக்கு. உங்க வீட்டுல கொடுங்க, ரெண்டு கிளாஸ் குடிக்கிறேன்."

சுகுமாரன் பிள்ளைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பிள்ளைங்கள உங்ககிட்ட இருந்து பிரிக்கிறதுக்கு நான் வரல. நாலு பேரையும் ஒரே கூரையில வைக்கத்தான் வந்திருக்கேன்."

தினேஸ்வரி நிமிர்ந்தாள். "நிசமாவாக்கா? வேன்ல இருக்கோம்னு தெரிஞ்சா பிள்ளைங்கள ஹோம்ல போட்டுடுவாங்கன்னு சொன்னாங்களே."

"தினேஸ்!" என்று அதட்டினார் சுகுமாரன்.

"போதும்லா. மூனு மாசமா நல்லா இருக்கோம், நல்லா இருக்கோம்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. சாவியக் கொடுங்க." கணவர் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டாள். "வாங்கக்கா. எங்க வீடு கீழ நிக்குது."

பிளாட்டுக்குப் பின்னால் மரத்தடியில் ஒரு பழைய வெள்ளை வேன். சன்னலுக்குப் பழைய கைலியைக் கிழித்துத் திரை போட்டிருந்தது. உள்ளே இரண்டு பள்ளிச் சீருடைகள் தேய்த்து மாட்டப்பட்டிருந்தன. பெட்ரோல் நிலையத்தில் பிடித்து வந்த தண்ணீர் போத்தல்கள் வரிசையாக நின்றன. தினேஸ்வரி வெந்நீர் பிளாஸ்கைத் திறந்து கலக்கினாள். பேசிக்கொண்டே இடது கையை இருக்கைக்கு அடியில் விட்டாள். திரும்பிப் பார்க்காமலேயே ஒரு பால்மாவு டின் கையோடு வந்தது. அதில் சீனி.

துளசி வேன் படியில் உட்கார்ந்து ஊதிக் குடித்தாள். சிவபிரகாசம் சற்று நின்றார். பிறகு பழப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, "எனக்கும் கொஞ்சம் கொடும்மா" என்றார். வாங்கிக் குடித்துவிட்டுக் கேட்டார்: "இதை ஏன் சுகுமாரன் மறைச்சீங்க?"

சுகுமாரன் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். "ஆளு வருதுன்னா வீட்டைக் கூட்டி வைக்கமாட்டோமா சார்? கூட்டி வைக்க வீடு இல்ல. அதான் மச்சான்கிட்ட ஒரு மணி நேரத்துக்குக் கேட்டேன். பத்து நாள் தங்க வெச்சதுக்கே அந்த பிளாட்டு ஓனருக்கு ஆகல."

சிவபிரகாசம் கோப்பைத் திறந்து, மேலே எழுதியதைக் குறுக்கே அடித்தார்.

காரில் ஏறியதும் ஜெயபாலன் பொறுக்கமாட்டாமல் சொன்னார்: "எனக்கு முன்னாடியே தெரியும். அந்தப் பொண்ணுக்குச் சீனி எங்க இருக்குன்னே தெரியல."

"அட, அதை நான் பாக்கலையேண்ணே! நான் செருப்பு அலமாரியத்தான் பாத்தேன். எல்லாம் ஆம்பளைப் பையன் சப்பாத்து. பொம்பளப் பிள்ளைங்களோடது ஒன்னுகூட இல்ல."

"அப்புறம் ஏன் என் காலை மிதிச்ச?"

"நாம சொன்னா அவங்களைப் பிடிச்சுக் கொடுத்த மாதிரி. அவங்களே சொன்னா, அது அவங்க பேச்சு. அந்தத் தெம்போடதான் அவங்க புது வீட்டுக்குப் போகணும்."

நான்கரை மணிக்குப் போன் வந்தது. வீடு சுகுமாரன் குடும்பத்துக்கு. அடுத்தாற்போல் துளசி பேசியது காலையில் பார்த்த அம்மாவிடம். "இந்தத் தடவை இல்லக்கா. பின்னறையில இன்னும் ஒரு மாசம் இருக்க முடியுமா? நான் தேடிக்கிட்டே இருக்கேன்." வெகுநேரம் மெதுவாகப் பேசினாள். அந்தப் பேச்சு முடியும்வரை ஜெயபாலன் காரைக் கிளப்பவில்லை.

புதன்கிழமை குடிபுகுந்தார்கள். யாரும் கூப்பிடாமலே ஜெயபாலன் போனார். வேனிலிருந்து ஒரு பொருளை இறக்குமுன் அதன் இடத்தைப் பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொண்டார். "இவரு என்னக்கா, போலீஸ் மாதிரி எழுதுறாரு?" என்று சுகுமாரன் கேலி செய்தார். அடுப்படித் தட்டுகளை ஜெயபாலன் தாளைப் பார்த்துப் பார்த்து அடுக்கினார். பால்மாவு டின் அடுப்புக்கு இடது பக்கம், இடுப்பு உயரத்தில்.

பால் பொங்கியது. பெரியவள் எதையோ கேட்க, தினேஸ்வரி அவள் பக்கம் திரும்பிப் பதில் சொல்லிக்கொண்டே இடது கையை நீட்டினாள். கை நேரே டின்னில் போய் நின்றது. அவளுக்கே அது வியப்பாக இருந்திருக்க வேண்டும். பேச்சை நிறுத்தித் தன் கையைப் பார்த்தாள்.

வாசலில் துளசி அண்ணனிடம் சொன்னாள்: "பட்டறையில கிடக்கிற காடி நாளைக்குச் சரியாயிடும். ஆனா சனிக்கிழமை அந்த அம்மாவுக்கு வீடு பாக்கப் போறேன்."

"எத்தனை மணிக்கு?" என்றார் ஜெயபாலன்.